ஐயாசாமி, வயசு நாலு

— அந்த ஆணியை அடிக்காதீங்க மேடம். என்ற சார்ட்டை மாட்ட வேண்டாமுங்க.

— ஏனுங்க கண்டக்டர், அஞ்சு ஞாயித்துக்கெழமை ஒரு கிளாஸ் உடாம வந்துபோட்டு, கண்காட்சியன்னைக்கு வேண்டாங்கறீங்க? நாலு மணிக்குச் சனம் வந்துரும். இருபத்திரண்டு குடும்பத்து வம்சாவளி சுவத்துல ஏறியாச்சு. உங்களது ஒண்ணுதான் பாக்கி.

— இருபத்திரண்டே போதுமுங்க.

— அங்க பாருங்க, அது எங்க பெரியப்பா கோவிந்தராஜுலு ஊட்டுச் சார்ட்டு. ஒம்பது தலைமுறை. அத்தனையும் ஊட்டுப் பொட்டியில இருந்த காயிதம், நான் ஒண்ணும் தேடல. உங்களது நாலே தலைமுறைதான். ஆனா ஒவ்வொரு பேருக்கும் பஸ்ஸேறிப் போயி அலைஞ்சிருக்கீங்க. என்ற கிளாஸுக்கே அதுதானுங்க பெருமை.

— உங்களாட்ட மில்லுக்காரவியளுக்குப் பொட்டி இருந்துச்சுங்க. எங்களுக்கு அப்பன் பேருக்கு மேல பேரே இல்லீங்க. அதுக்குத்தான் வந்தேன். என்ற பொண்ணு சண்முகப்ரியா பேப்பர்ல இந்தக் கிளாஸ் வெளம்பரத்தைப் பாத்துட்டு, போப்பா, நம்ம வம்சத்தையும் எழுதி வைன்னா. அவ கண்ணுல அது படாமயே இருந்திருக்கலாம்.

— என்ன ஆச்சுங்க? வியாழக்கெழமை வால்பாறைக்குப் போறேன்னீங்களே, போகலீங்களா?

— போனனுங்க. இருபத்தெட்டு வருஷமா கண்டக்டர் வேலை பாக்கறேன், அந்த மலை ரூட்டுல ஒரு நாள் டூட்டி பாத்ததில்ல. ஆத்தா உசுரோட இருந்த வரைக்கும் உடல. வால்பாறைக்குப் போட்டா லீவு எழுதிக் குடுத்துரு சாமிம்பா. போன வருஷம் அவ போயிச் சேந்தா. இப்பத்தான் மொதத் தடவையா அந்தக் கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறுனேன்.

— உங்கப்பன் வேலை பாத்த தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரியில பழைய புக்கைக் காட்டுனாங்களா?

— நீங்க குடுத்த லெட்டரைப் பாத்துட்டு கம்பவுண்டர் ரெண்டு மூட்டையை அவுத்துப் போட்டாருங்க. பூரா மொடை நாத்தம். பொறப்புப் புக்குல அப்பன் சின்னான், ஆத்தா வள்ளியாத்தாள், ஆறாம் நெம்பர் லைன் ஊடுன்னு இருந்துச்சு. அக்கா முத்தாத்தா பொறந்தது முப்பத்தஞ்சுல. ஐயாசாமி, நான், நாப்பத்திரண்டுல.

— எல்லாமே கெடைச்சிருக்குதுங்களே. அப்புறம் என்ன?

— இன்னொரு புக்குலயும் என்ற பேரு இருந்துச்சுங்க.

— எந்தப் புக்கு?

— சாவுப் புத்தகம். பஜார்ல குடுத்துச் செராக்ஸ் எடுத்துட்டு வந்தேன். இந்தாங்க. மேல இருந்து ரெண்டாவது வரி. நான் படிச்சது சரிதானான்னு நீங்களே வாய் உட்டுப் படிங்க.

— இங்கிலீஷ்ல இருக்குது, தமிழ்ல சொல்றேன். நாப்பத்தாறாம் வருஷம், ஜூலை பத்தொம்பது. ஐயாசாமி. ஆண். வயசு நாலு. அப்பன் சின்னான், தாய் வள்ளியாத்தாள். ஆறாம் நெம்பர் லைன். காய்ச்சல். அன்னைக்கே பொதைச்சாச்சு.

— ரைட்டுங்க. அப்ப நான் படிச்சது சரிதான்.

— உக்காருங்க கண்டக்டர். ஒண்ணொண்ணாப் பாப்போம். மூணாவது கிளாஸ்ல சொன்னேனே, ஒரு கொழந்தை தவறிப்போனா அடுத்த கொழந்தைக்கு அதே பேரை வெப்பாங்கன்னு. நீங்க அதுக்கப்புறம் பொறந்தவரா இருப்பீங்க.

— அதைத்தானுங்க நானும் மலை எறங்கற வரைக்கும் நெனைச்சுட்டே வந்தேன். பொள்ளாச்சி வாரப்பவே ஒதைச்சுருச்சு. நாப்பத்தேழு ஜூன்ல என்னைச் சோமனூர்ல ஒண்ணாங் கிளாஸ்ல சேத்திருக்காங்க. நாப்பத்தாறு ஜூலைக்கு அப்புறம் பொறந்தவன் அடுத்த ஜூன்ல சிலேட்டைத் தூக்கிட்டு நடப்பானுங்களா?

— அப்ப அந்தப் புக்குல எழுதினவங்க யாரு பேரையோ மாத்தி எழுதிப்போட்டாங்க.

— பேரை மாத்தி எழுதலாமுங்க. குழியை மாத்தி வெட்ட முடியுங்களா? அந்த எடத்தையும் போயிப் பாத்தேன். ஓடைக்கு மேல ஒரு சரிவு. பூரா உண்ணிச்செடி மொளைச்சுக் கெடக்குது. மேடும் பள்ளமுமா ஒரு நாப்பது அம்பது குழி இருக்குமுங்க. எதுன்னு யாருக்கும் தெரியல. அதுல ஏதோ ஒண்ணு என்றது.

— அப்படிச் சொல்லாதீங்க.

— வேறெப்படிங்க சொல்றது? நாலு மணிக்கு என்ற பொண்ணு புள்ளைகளைக் கூட்டிட்டு வருவா. தாத்தா பேரு எங்கன்னு கேப்பாங்க. செத்தவன் பேருக்குக் கீழ அவங்களை எப்படிங்க எழுதறது?

— மொத கிளாஸ்ல ஊட்டுப் பெரியவங்க பேச்சைக் கேசட்டுல புடிச்சுட்டு வரச் சொன்னேன். நீங்க உங்கக்கா பேச்சைப் புடிச்சுட்டு வந்தீங்க. எல்லாரும் உக்காந்து கேட்டமே. தம்பி பொறந்தன்னைக்கு லைன் பூரா ஒழுகுச்சு, நாந்தான் சட்டியை ஏந்தி ஏந்தி வெச்சேன்னு சொன்னாங்களே. அவங்களுக்குத் தெரியாம இருக்குமா? இன்னைக்கு வாராங்கதானே?

— சோமனூர்ல பத்தரை மணி பஸ் ஏறியிருப்பா. அந்தா, படியில வாரா பாருங்க.

— ஏஞ்சாமி, கண்காட்சியைக் கீழயே வெச்சா ஆகாதா? முட்டி ரெண்டும் போச்சு. அம்மணி, நல்லா இருக்கறீங்களா? நம்ம படம் எங்க? ஆத்தா பேரைப் பெருசா எழுதியிருக்குதுன்னு பிரியா சொன்னா.

— வாங்கக்கா, இந்தச் சேர்ல உக்காருங்க. தண்ணி குடிங்க.

— அக்கா, நான் வால்பாறைக்குப் போயிட்டு வந்தேன்.

— எதுக்கு?

— ஆறாம் நெம்பர் லைனைப் பாக்க.

— ஆத்தா போகாதேன்னு சொன்னாள்ல. அவ கண்ணை மூடி வருசங்கூட நெறையல.

— ஐயாசாமி செத்துட்டான்னு அங்க எழுதி வெச்சிருக்குதுக்கா. நாலு வயசுல. நீ கேசட்டுல சொன்னது பொய்யா?

— பொய்யில்ல. அவன் பொறந்தன்னைக்கு லைன் ஒழுகத்தான் செஞ்சுது. சட்டி வெச்சதும் நாந்தான்.

— அவனா?

— அம்மணி, நீங்க சித்தெ வெளிய இருக்கறீங்களா?

— மேடம் இருக்கட்டும்க்கா. அவிய இல்லாம எனக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. அவன்னு யாரைச் சொல்றே?

— என்ற தம்பியை. ஆடி மாசம், மூணே நாள் காய்ச்சல். அப்பனும் கங்காணியும் கொண்டுபோயிப் பொதைச்சுட்டு வந்தாங்க. அன்னையில இருந்து ஆத்தா சோறு உங்கல. பொழுதோட ஆனா லைன் வாசல்ல நின்னு அவன் பேரைச் சொல்லிக் கூப்புடுவா. அப்பன் கையப் புடிச்சு இழுத்துட்டு வருவாரு, மறுபடியும் போவா. மத்தவங்கெல்லாம் கதவைச் சாத்திக்குவாங்க. ஒம்பதாம் நாளு பதில் வந்துச்சு.

— பதிலுன்னா என்னக்கா?

— பனிக்குள்ள இருந்து, ஏனாத்தான்னு ஒரு கொரலு. சின்னக் கொரலு. ஆத்தா ஓடுனா. திரும்பி வாரப்ப இடுப்புல ஒரு பையன். அதே ஒசரம், அதே மொட்டைத் தலை. மேலெல்லாம் ஈரம், ஒரு கம்பளித் துண்டு சுத்தியிருந்துச்சு. அது நீ.

— அப்பன் ஒண்ணும் கேக்கலையா?

— அப்பன் செவுத்தோட ஒட்டிக்கிட்டாரு. இது நம்முளுது இல்லடி, எதுவோ வந்திருக்குதுன்னாரு. ஆத்தா காதுல வாங்கல. அட்டாலியில நாலு தட்டு இருந்துச்சு. ஒண்ணு மட்டும் நெளிஞ்ச தட்டு, செத்தவனோடது. நீ நேராப் போயி அதைக் கை காட்டுனே. உனக்கு யாரும் சொல்லல சாமி. அதுல சோறு போட்டு உனக்கு ஊட்டிப்போட்டு, ஒம்பது நாளைக்கப்புறம் அவளும் உண்டா.

— என்ற பேரு என்னன்னு யாருமே கேக்கலையா?

— ஐயாசாமின்னு கூப்புட்டா. நீ திரும்பிப் பாத்தே. அதுக்கப்புறம் யாரு கேப்பா? லைன்ல இருக்கறவங்க குழியில இருந்து எந்திரிச்சு வந்த புள்ளைன்னாங்க. தண்ணி புடிக்க நான் போனாப் போதும், கொடத்தை உட்டுப்போட்டு ஒதுங்கிக்குவாங்க. அதனாலதான் மலையை உட்டே எறங்கி, தறி ஓட்டலாம்னு சோமனூர் வந்து சேந்தோம்.

— மேடம், ஒண்ணு சொல்லட்டுங்களா? சோமனூர் வந்த பொறகும் ஆத்தா பொழுதோட வாசல்ல நின்னு ஐயாசாமின்னு கூப்புடுவா. நான் வெளையாட்டை உட்டுப்போட்டு ஓடியாந்து, என்னாத்தாம்பேன். உன்னையில்ல கண்ணு, நீ போயி வெளையாடும்பா. எனக்குக் கல்யாணமாயி புள்ளை பொறந்தப்பவும் அப்படித்தான். வெளையாட்டுக்குச் சொல்றாள்னு நெனைச்சுட்டேன். போன வருஷம் மூச்சு இழுக்கறப்பவும் கூப்புட்டா. கையைப் புடிச்சுட்டு, இங்கதான் இருக்கறேன் ஆத்தான்னேன். இல்லேன்னு தலையை ஆட்டுனா.

— கண்டக்டர், நான் சொல்றதைக் கேளுங்க. குழியில இருந்து யாரும் வரல. அந்த வருஷங்கள்ல ஊரு ஊராப் போயி ஆள் புடிச்சு மலைக்கு அனுப்பிட்டு இருந்தாங்க. நடந்தே ஏறுனவங்க எத்தனையோ பேரு. இந்தச் செராக்ஸையே பாருங்க, நீங்க உங்க பேரோட நிறுத்திப்போட்டீங்க. கீழ வரைக்கும் படிக்கணும்.

— அதுல என்னங்க இருக்குது?

— அதே மாசம் முப்பத்தொண்ணாந்தேதி. பேர் தெரியாத பெண். வயசு இருபத்தஞ்சு இருக்கலாம். எஸ்டேட் ஆளில்லை. ஆறாம் லைனுக்குக் கீழ ஓடையோரத்துல கெடந்தது. காய்ச்சல், குளிர். பொதைச்சது அதே சரிவுல.

— அவ யாருங்க?

— உங்களைப் பெத்தவங்களா இருக்கலாம். காய்ச்சலோட மலையேறி வந்து வழியில உழுந்துட்டாங்க. கொழந்தை தனியா நடந்து, கூப்புட்ட கொரலைப் பாத்து வந்திருக்குது. வள்ளியாத்தாம்மா எடுத்து வளத்தாங்க. அதுல ஒரு பாவமும் இல்லீங்க. நாம சார்ட்டைக் கிழிக்க வேண்டாம். எடுத்து வளத்த புள்ளைக்குப் புள்ளிக்கோடு போடறதுன்னு நாலாவது கிளாஸ்ல சொன்னேனே. அந்தக் கோட்டைப் போட்டு, இவங்களையும் ஒரு ஓரத்துல எழுதலாம். உங்க பொண்ணுகிட்ட நானே சொல்றேன்.

— சித்தெ இருங்க மேடம். பத்தொம்பதாந்தேதி பொதைச்சாங்க. ஒம்பதாம் நாளு நான் வந்தேன். அது இருவத்தெட்டு. இவ செத்தது முப்பத்தொண்ணு. நடுவுல மூணு நாளுங்க. வழியிலயே உழுந்திருந்தா அந்த மூணு நாளும் எங்க இருந்தா?

— அது புக்குல இல்லீங்க.

— அக்கா, உனக்குத் தெரியுமா?

— அந்தக் காயிதத்தை மடிச்சு வெச்சிரு சாமி.

— அவளை நீ பாத்தியா?

— பாத்தேன்.

— எங்க?

— நம்மூட்டு வாசல்ல. நீ வந்த மறுநாளு, உச்சிப் பொழுது. தூறல் போட்டுட்டு இருந்துச்சு, ஆளெல்லாம் மேக்காட்டுக்குப் போயிட்டாங்க. அவ லைன் லைனா, கதவு கதவா வந்தா. கதவுக்குக் கீழ சந்துல அவ காலு மட்டும் எனக்குத் தெரிஞ்சுது. அட்டை கடிச்சு ரத்தம் ஒழுகிட்டு இருந்துச்சு.

— என்ன சொன்னா?

— நஞ்சா, நஞ்சான்னு கூப்புட்டா. வேறொண்ணும் சொல்லல. அதுதான் சாமி உன்ற பேரு. அம்பது வருசமா ஒருத்தருகிட்டயும் சொல்லாம வெச்சிருந்தேன்.

— அக்கா, கதவைத் தெறக்க வேண்டாம்னு வள்ளியாத்தாம்மா சொல்லிப்போட்டாங்களா?

— ஆத்தா அங்க எங்கீங்க அம்மணி இருந்தா? மவன் செத்ததுக்கப்புறம் அன்னைக்குத்தான் கொழுந்து பறிக்கப் போயிருந்தா. அவளுக்குச் சாகற வரைக்கும் இது தெரியாது. ஊட்டுல இருந்தது நாங்க ரெண்டே பேரு. எனக்குப் பதினோரு வயசு.

— நான் பதில் சொல்லலையாக்கா?

— எந்திரிச்சு வாயைத் தெறந்தே கண்ணு. நீ போயிட்டா ஆத்தா மறுபடியும் சோறு உங்க மாட்டாளேன்னு, அவ காலடிச் சத்தம் ஓடையில எறங்கற வரைக்கும் உன்ற வாயைப் பொத்திட்டு இருந்தது இந்தக் கைதான்.