ஜன்னலோரக் குப்பி

எனக்குத் தனியாகச் சாப்பிடப் பிடிக்காது, ஐயா. அதைத் தவிர என்னிடம் பெரிய குறை எதுவும் கிடையாது. பரிசோதனைக்கூடத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

ஒரு பொருள் உயிரணுக்களின் மரபணுவைச் சிதைக்குமா என்று பார்ப்பது எங்கள் வேலை. கூடவே, நிச்சயம் சிதைக்கும் என்று தெரிந்த ஒரு மருந்தையும் தனித் தட்டில் போட்டுப் பார்ப்போம். அதை கன்ட்ரோல் என்போம். அது சிதைக்காவிட்டால் சோதனையிலேயே கோளாறு என்று பொருள். மொத்தமும் ரத்து, முதலிலிருந்து தொடங்க வேண்டும். எந்த கன்ட்ரோல் என்று தேர்ந்தெடுப்பது என் பொறுப்பு.

போன வருடம் ஒரு செருப்புத் தொழிற்சாலையின் பசை வந்தது. கண்ணாடித் தகடுகளில் சிதைந்த அணுக்களை எண்ண என்னோடு புதிதாக ஒரு பெண்ணைப் போட்டார்கள். இருவர் பார்க்கும் நுண்ணோக்கி, எதிரெதிரே உட்கார வேண்டும். பன்னிரண்டரைக்கு அதன் விளக்கை அணைத்துவிட்டு, "சாப்டீங்களா அண்ணே? வாங்க, தனியா சாப்பிட்டா எனக்கும் எறங்காது" என்பாள். மனைவி போனதிலிருந்து இந்தப் பதினோரு வருடத்தில் என்னை அப்படி ஒருவரும் கேட்டதில்லை.

அவள் தங்கை அந்தத் தொழிற்சாலையில்தான் பசை தடவினாள். "வேலைய விடுடின்னா கேக்க மாட்டேங்கறா. நம்ம ரிசல்ட் வரட்டும் அண்ணே, காதப் புடிச்சு இழுத்துட்டு வந்துடறேன்."

ரிசல்ட் வந்தால் அவளை வேறு பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள்.

கன்ட்ரோல் மருந்துகள் இரண்டு இருந்தன. ஒன்று எதற்கும் கெடாது. இன்னொன்று வெளிச்சம் பட்டால் வீரியம் போய்விடும். நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். விதிப்படி அதுவும் சரிதான். குப்பியை ஜன்னலோரம் வைத்தேன். சோதனை ரத்து. அப்படியே நான்கு முறை. "இந்தச் சனியன் நம்மள விடாது போலருக்கே அண்ணே" என்று சிரித்தாள். ஒன்பது மாதம் சேர்ந்து சாப்பிட்டோம்.

தகடுகளில் ரகசிய எண்தான் இருக்கும். எது பசை என்று எனக்கு மட்டும் தெரியும். நான்கு முறையும் பசை மரபணுவைச் சிதைத்திருந்தது. ரத்தான சோதனையைப் பற்றி யாரிடமும் பேசக் கூடாது என்பது விதி. விதியை நான் மீறியதில்லை.

தங்கைக்கு ரத்தத்தில் நோய் என்றார்கள். ஆறே வாரம்தான். சாவு வீட்டில், அழுது வீங்கிய முகத்தோடு என்னிடம் வந்து, "சாப்டீங்களா அண்ணே?" என்றாள். இல்லை என்றேன். தட்டு வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். நான் சாப்பிட்டுவிட்டுத்தான் போயிருந்தேன்.

இந்த வாக்குமூலத்தில் எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன், ஐயா. அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். பாவம், என்னை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?