மௌன ஜெபத்தில் ஒரு குரல்

மாலை ஆறரை இருக்கும். மழை விட்ட நேரம். மூடிக் கிடக்கும் மில்லின் மதிலை ஒட்டிப் போகிற சாலை... மறுபக்கம் வெறும் புதர். விளக்கு கிடையாது. அதில் தனியாக நடந்து வந்துகொண்டிருந்தார் என் சிநேகிதியின் பெரியம்மா.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். சத்தமாகச் சொல்ல வராது எனக்கு.

பெரியம்மாவுக்கு மருந்துக்கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுவார். அங்கே மௌன ஜெபத்துக்கு முன்னால் ஆர்கன் நின்றுவிடும். ஒரே ஒருவர் எழுந்து ஒரு சரணம் பாடுவார். அது முடிந்ததும் எல்லோரும் கண்ணை மூடுவார்கள். அந்தச் சரணம் பல வருஷமாகப் பெரியம்மாவின் அக்காவுடையது. தொண்டையில் ஆபரேஷன் ஆகி அக்கா படுத்தபோதுதான் அது தங்கைக்கு வந்தது. வாசலில் நிறுத்திப் பாராட்டினார்கள். அந்த ருசி பழகிவிட்டது.

அக்கா தேறினார். ஒருநாள் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுத் தங்கைக்குப் பாடிக் காட்டினார்.

"மத்தவங்க முகத்துக்காகப் பேசுவாங்க. நீ உள்ளதைச் சொல்லு."

குரலில் ஒரு கீறல் இல்லை. முன்னைவிட நன்றாகவே இருந்தது.

"வேணாங்க்கா," என்றார் தங்கை. "கேக்கவே கஷ்டமா இருக்கு."

அக்கா தலையாட்டினார். அவ்வளவுதான். அதன் பிறகு சர்ச்சில் உதட்டை மட்டும் அசைப்பார். தங்கை பாடும்போது கண்ணாலேயே மெச்சுவார். அதுதான் தங்கைக்குத் தாங்க முடியாது.

அடுத்த வருஷம் அக்காவுக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரியில், தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "பாடணும்போல இருக்குடி. பக்கத்து பெட்காரங்க பயந்துருவாங்களேன்னு பாக்கறேன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "தூங்குக்கா," என்றுதான் வாயில் வந்தது. விடிவதற்குள் அக்கா போய்விட்டார்.

சரி... அந்தச் சாலைக்கு வருவோம்.

பாட்டுப் பயிற்சி முடிந்து வருகிறார். ஈரத் தரையில் செருப்புச் சத்தம். சளக்... சளக்... அதோடு இன்னொன்று. மெல்ல ஒரு முனகல். நாம்தான் பாடிக்கொண்டு வருகிறோமோ என்று வாயை மூடிப் பார்த்தார். அது நிற்கவில்லை. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை... காதோரம். கூடவே கிராம்பு வாசனை. அக்கா எப்போதும் கன்னத்தில் அடக்கிக்கொள்வாரே, அந்தக் கிராம்பு.

அதே சரணம். சுத்தமான குரல். ஆனால் அடக்கி அடக்கி... யார் காதிலும் விழுந்துவிடக் கூடாதே என்று பயந்து பாடுகிற மாதிரி.

பெரியம்மா நடுரோட்டில், அந்த ஈரத்திலேயே முழங்காலிட்டார்.

"அக்கா... நான் பொய் சொன்னேன். உன் குரல் நல்லாத்தான் இருந்துச்சு. எனக்குத்தான் விட்டுக்குடுக்க மனசு வரல."

பாட்டு நின்றது. புதரில் பூச்சிகூடக் கத்தவில்லை. அக்கா மன்னித்துவிட்டார் என்று நினைத்து, அழுதுகொண்டே வீடு போய்ச் சேர்ந்தார்.

"அத்தோட விட்டுச்சா?" என்று நானும் கேட்டேன். சிநேகிதி இல்லையென்று தலையாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா போதகரிடம், "இனிமே நான் பாட மாட்டேங்க," என்று சொல்லிவிட்டு, ஓரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். அன்று யாரும் எழுந்து பாடவில்லை. ஆர்கன் நின்றது. எல்லோரும் கண்ணை மூடினார்கள். மின்விசிறியின் கறக்... கறக்... யாரோ தொண்டையைச் செருமினார்கள். பிறகு ஒன்றுமில்லை.

பாட்டு ஆரம்பித்தது.

சாலையில் கேட்ட பயந்த குரல் இல்லை. கூரை வரைக்கும் எழுந்தது. ஒவ்வொருவராகக் கண்ணைத் திறந்தார்கள். பழைய ஆட்கள் சிலருக்குக் கண்ணீரே வந்துவிட்டது... அது யார் குரல் என்று அவர்களுக்குத் தெரியும். பெரியம்மா மெல்லத் திரும்பிப் பார்த்தார். பின்னால் சுவர்தான்.

ஆனால் எல்லோரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உதட்டைப் பல்லால் கடித்தார். முந்தானையை வாயில் அழுத்தினார். பாட்டு ஒரு சுருதிகூடக் குறையவில்லை. கையை மெதுவாகக் கழுத்துக்கு இறக்கினார்...

தொண்டை அதிர்ந்துகொண்டிருந்தது.