காமாட்சிக்குப் படைத்த புடவை

என் கையெழுத்து கோணல், எழுத்துப் பிழையும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். நெய்வேலியிலிருந்து பண்ருட்டி போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவன் மனைவி. அவள் மடியில் 'காமாட்சி' என்று பெயர் வெட்டிய பித்தளைச் சொம்பு.

"உங்க வூட்டுச் சொம்புல பேரு இருக்குதேன்னு, செத்துப்போன பெரியவங்களாக்கும்னு வருசாவருசம் பொடவை வச்சுப் படைச்சோமேங்க!"

"நம்ம சனமே இல்ல. எங்கப்பா கல்யாணத்துக்குச் சொம்பு இரவல் குடுத்தவங்க. காடாம்புலியூர்ல நல்லா இருக்காங்க."

"படையல் போட்டது தெரிஞ்சா திட்டுவாங்களே."

"போன வாரம் தேடிப் போனப்பவே சொல்லிட்டேன். சிரிச்சாங்க."

"வேற ஒண்ணும் கேக்கலியா?"

"அந்தப் பொடவையெல்லாம் யாரு கட்டுனதுன்னு கேட்டாங்க."

அவள் குனிந்து தன் புடவையைப் பார்த்தாள்.

"கெளம்பறப்பவே சொல்லக்கூடாதா? இந்த வருசம் படைச்சதத்தானே கட்டிக்கினு வரேன்!"

"காடாம்புலியூரு வந்துடுச்சு, சொம்ப எடுத்துக்கினு எறங்கு."

எழுதியது: 1982, மாசி மாதம்.