வென்றும் போகாதவர்

வேலை முடிந்து வந்த இரண்டு யாழ்ப்பாணத்துப் பெண்கள் ஜெர்மனியில் தேர்தலுக்கு மறுநாள் டிராமில் எனக்கு முன்னால் இருந்தார்கள்.

"எங்கட தொகுதியில வென்றவவுக்குப் பாராளுமன்றத்தில இடமில்லையாம்," என்றார் மூத்தவர்.

"வென்றா இடம் கிடைக்கும்தானே அக்கா?"

"இப்ப அப்பிடியில்லை. எங்களுக்கு ரெண்டு வோட்டெல்லே: முதலாவது ஆளுக்கு, ரெண்டாவது கட்சிக்கு. ரெண்டாவது வோட்டால அவவின்ர கட்சிக்குக் கிடைச்ச இடங்கள் வென்ற எல்லாருக்கும் காணாதாம். அப்ப வென்ற ஆக்களில குறைஞ்ச வீதம் எடுத்தவை வெளியில."

"நீங்கள் அவவுக்குத்தானே போட்டனீங்கள்?"

"ஓம். என்ர தம்பியின்ர விசா அன்ட்ராக்கை, அந்த விண்ணப்பத்தை, பொறுமையா இருந்து வாசிச்சது அவ ஒராள்தான். முதலாவதுதான் பெரிசெண்டு நினைச்சு அதை அவவுக்குப் போட்டன். ரெண்டாவதை வேற கட்சிக்குக் குடுத்திட்டன்."

இறங்க எழுந்தபோது மூத்தவர் மெதுவாகச் சொன்னார்:

"வெல்ல வைச்சதும் நான்தான். மறிச்சதும் நான்தான்."