மிஸ்டு கால் பேச்சில் சேராது

சிங்காநல்லூரில் பஸ் கிளம்பக் காத்திருந்தபோது, முன் சீட்டு அம்மா பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "மிஸ்டு கால் குடுத்தா அது பேச்சுல சேராதுங்கக்கா."

"ஆருக்குங்க அம்மணி?"

"எம் பொண்ணுக்குத்தான். எங்க ஜெப சபையை விட்டுப் போயிட்டா. அவளோட பேசக் கூடாது, ஒண்ணா உக்காந்து உண்ணக் கூடாதுன்னு சபையில சொல்லிப்போட்டாங்க. மூணு வருசமாச்சு. தினமும் காலைல நான் ஒரு ரிங் உடுவேன், அவளும் ஒண்ணு உடுவா. அவ நல்லா இருக்கறான்னு தெரிஞ்சுக்குவேன்."

"நல்ல சட்டமுங்க. கோழி புடிக்கலாம், கொழம்பு வெக்கக் கூடாதா?"

அந்த அம்மாவும் சிரித்துவிட்டார். பிறகு சொன்னார்: "முன்னெல்லாம் சபை முடிஞ்சதும் அவ என்னைப் பீளமேட்டுல பேக்கரிக்கு இழுத்துட்டுப் போவா. முட்டை பப்ஸைப் பிச்சு, முட்டை இருக்கற பாதிய எனக்குத் தருவா. ஊடு வர்ற வரைக்கும் ஒரே பாட்டுத்தான். அவ பாடுனா சபையே திரும்பிப் பாக்கும்."

"போய்ப் பாத்துட்டு வந்துருங்களே. பெத்தவளை ஆரு கேப்பாங்க?"

"பாத்தா என்னையும் தள்ளி வெச்சுருவாங்க. எம் பையன், மருமக, பேத்தி எல்லாரும் சபைலதான். அப்புறம் அவங்களும் எங்கூடப் பேச மாட்டாங்க."

பஸ் கிளம்பியது. பக்கத்து சீட்டு அக்கா மெதுவாகக் கேட்டார்: "இப்பவும் பாடறாளா?"

"தெரியலீங்கக்கா. அதைக் கேக்கோணும்னா பேசோணுமே."