கைப்பிடி நாலாவது பள்ளத்தில்

— அந்தச் சாம்பல் கலர் குழந்தை வண்டியை விடுங்க தம்பி. அது ஒருத்தர் பேர்ல போயாச்சு, அட்டை தொங்குது பாருங்க.

— பார்த்தேன். அதுல என்ன குறை, அண்ணே?

— நான் விக்கிற பொருள்ல குறைன்னு என் வாயாலயே சொல்லச் சொல்றீங்க! ஜெலிக் கடையில குறையே கிடையாது, விலைதான் குறைவு. சரி, உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. முன்சக்கரம் சின்னது. பனி விழுந்தா புரூக்ளின் நடைபாதையில கழுதை மாதிரி நின்னுடும். கைப்பிடி ஒரே உயரம், ஏத்த இறக்க முடியாது. போன வாரம் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் எடுத்தாரு. மூணு தரம் விலை கேட்டாரு, மூணு தரமும் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தாரு. நல்ல மனுஷன். எனக்கே மனசு கேக்கல, பத்து டாலர் கழிச்சேன்.

— பத்தே பத்தா?

— கடை வெச்சிருக்கேன் தம்பி, சத்திரம் இல்ல. இப்படி வாங்க. இன்னிக்கு வெள்ளிக்கிழமை, பொழுது சாஞ்சா சபாத் ஓய்வு நாள், ரெண்டு மணிக்கு ஷட்டரை இறக்கலேன்னா என் வீட்டுக்காரி ப்ளீமா என்னையும் சேர்த்து சூப்புல போட்டுடுவா. முதல் குழந்தையா?

— கிட்டலுக்கு முதல் குழந்தை.

— நல்ல நேரத்துல ஆகட்டும். எத்தனை மாசம்?

— ஏழு மாசமாம்.

— மாசமாம்! எதிர்வீட்டுச் சேதி மாதிரியில்ல சொல்றீங்க. இந்தக் காலத்துப் புருஷனுங்களே இப்படித்தான். சரி, இதைப் பாருங்க. தோல் கைப்பிடி, நாலு சக்கரத்துக்கும் ஸ்பிரிங். குழந்தையைக் கார்ல வெக்கிற கார் சீட்டை அப்படியே மேல வெச்சு ஒரு அழுத்து, அவ்வளவுதான், பூட்டிக்கும். டாக்ஸியில தூங்கற குழந்தையை எழுப்பாம அப்படியே வண்டிக்கு மாத்தலாம். குழந்தையும் தூங்கும், நீங்களும் தூங்கலாம்.

— பிரேக் காலாலயா?

— காலாலதான். பெருவிரலால ஒரு தட்டு போதும்.

— வேண்டாம். பனிக்காலத்துல அவ கனமான பூட்ஸ் போடுவா, மிதிச்சா வழுக்கும். வலது கணுக்கால் வேற அடிக்கடி சுளுக்கும். கையால போடற பிரேக்கா காட்டுங்க. இடது பக்கமா இருக்கணும்.

— இடதுகைக்காரியா?

— எல்லாத்துக்கும் இல்ல. சூப் கலக்கறதுக்கும், கோபம் வந்தா கதவைச் சாத்தறதுக்கும்.

— அப்ப இடதுகைக்காரியேதான். கதவைச் சாத்தற கைதான் தம்பி நிஜக் கை. வீடு மாடியா?

— மூணாவது மாடி. லிஃப்ட் கிடையாது.

— அடடே, அப்ப எடை பார்க்கணும். இந்தக் கறுப்பு எப்படி? இறகு மாதிரி இருக்கும்.

— தூக்கிப் பார்க்கறேன். இறகா இது? ஆட்டுக்குட்டி கனம் கனக்குது. ஒரு கையில குழந்தை, ஒரு கையில இதுன்னா ரெண்டாவது மாடியில நின்னு அழுவா. அழுதான்னு யார்கிட்டயும் சொல்லவும் மாட்டா.

— பலே! நாப்பது வருஷமா வண்டி விக்கிறேன். இங்க வர்ற புருஷனுங்க கடிகாரத்தைப் பார்ப்பாங்க, வாசலைப் பார்ப்பாங்க, "மாமியார் எதைச் சொன்னாங்களோ அதைக் குடுங்க"ம்பாங்க. நீங்க பொண்டாட்டியைப் பாடமா படிச்சு வெச்சிருக்கீங்க. அப்ப கடைசியா இந்தப் பச்சை. அலுமினியம். இடது பக்கம் கைபிரேக். ஒரே கையால மடக்கலாம். கார் சீட்டும் இதே கம்பெனி, நடுவுல ஒட்டு அடாப்டர் எதுவும் வேண்டாம். கைப்பிடியை ஏத்தி இறக்க ஆறு பள்ளம், எதுல வேணா நிறுத்தலாம்.

— நாலாவது பள்ளம்.

— அளந்தே கொண்டு வந்தீங்களா?

— அளக்கணுமா என்ன? இதோ, இங்க வரும் அவளுக்கு. இதுக்கு மேல போனா தோள் வலிக்கும், கீழ போனா குனிவா. விலை?

— ஆயிரத்து நூறு. நம்ம பிள்ளைங்கறதால ஆயிரம்.

— ஃபிரேம்ல கீறல் இருக்கு. எழுநூறு.

— கீறலா! அது வெளிச்சம் தம்பி. தொள்ளாயிரம், அதுக்கு மேல இறங்கினா ப்ளீமா என்னைக் கீழ்த்தளத்துல படுக்க வெச்சுடுவா.

— எண்ணூத்தம்பது. மழைக்கு மூடற உறையும் சேர்த்து.

— கையைக் குடுங்க. உங்க அப்பா என்ன யாவாரம் பண்ணாரு? துணியா? அதானே பார்த்தேன். ஆனா ஒண்ணு, வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. போன மாசம் ஒரு வெளியூர்க்காரர் "இப்பவே டிக்கியில ஏத்துங்க"ன்னாரு, ப்ளீமாவுக்கு மயக்கமே வந்துடுச்சு.

— தெரியும் அண்ணே. பிறக்காத குழந்தைக்கு ஒரு காலுறை கூட வாசப்படி தாண்டக்கூடாது.

— அதேதான். பேரை எழுதி அட்டையைக் கட்டிக் கீழ வெச்சுடுவேன். பிறந்ததும் ஆஸ்பத்திரியில இருந்து போன் வரணும். பாட்டி பண்ணாலும் எடுபடாது, மாமன் பண்ணாலும் எடுபடாது. அப்பன் வாயால கேக்கணும் எனக்கு. கேட்டுட்டேன்னா ஒரு மணி நேரத்துல கார் சீட் அங்க இருக்கும். அது இல்லாம அந்த நர்சுங்க குழந்தையை வெளியில விட மாட்டாங்க. வண்டி நேரா வீட்டுக்குப் போயிடும். பேரு?

— வைன்ஸ்டாக். நஃப்தலி.

— ப்ளீமா! வைன்ஸ்டாக்னு ஒரு அட்டை எழுதும்மா!

— இன்னொண்ணு எதுக்கு, ஜெலிக்? கீழ்த்தளத்துல வைன்ஸ்டாக்னு ஒண்ணு தொங்குதே, அந்த நீல வண்டியில.

— அது யாரோ வேற வைன்ஸ்டாக், ப்ளீமா. அது ஆகியிருக்கும் எட்டு வருஷம்.

— அது நான்தான், அண்ணே.

— நீங்களா?

— ஹனுக்கா பண்டிகை சமயம். நீங்க எல்லாருக்கும் டோனட் குடுத்துக்கிட்டிருந்தீங்க. கிட்டல் விரல் பூரா சர்க்கரை. அதோடயே நீல வண்டியோட கைப்பிடியைப் பிடிச்சுட்டா. "தொட்டாச்சு, இனி உங்களுது"ன்னு நீங்க சிரிச்சீங்க.

— ஐயோ தம்பி. நான் ஒரு லூசு. வாய் ஓயாம முதல் குழந்தையான்னு கேட்டு…

— ஜெலிக், கொஞ்சம் சும்மா இருக்கீங்களா? நீ உக்காருப்பா. தண்ணி கொண்டு வரவா?

— வேண்டாம் ப்ளீமா அக்கா. எட்டாவது மாசம் அது. பெண் குழந்தை. பேர் வெக்கறதுக்குக்கூட…

— சொல்ல வேண்டாம். எங்களுக்குத் தெரியும். போன் வராத வண்டி கீழ நாலு இருக்கு. யாரையும் நாங்க கூப்பிட்டுக் கேக்கறதில்ல. வாரத்துக்கு ஒரு தரம் தூசி மட்டும் தட்டுவேன்.

— வேற யாருக்காவது வித்திருக்கலாமே அக்கா.

— பேர் எழுதின வண்டியையா?

— நீயாவது ஒரு வார்த்தை போன் பண்ணியிருக்கலாமே தம்பி. முழுப் பணமும் கட்டினவன்.

— பண்ணினேன் ஜெலிக் அண்ணே. ஒரு பத்துத் தடவை இருக்கும். நீங்க சிரிச்சுக்கிட்டே எடுப்பீங்க, "ஜெலிக் கடை, பையனா பொண்ணா?"ன்னு. வெச்சுடுவேன்.

— அது நீயா! எதிர்த்த கடைக்காரன் வேலைன்னு நினைச்சு, பேசாம மூச்சு விடற அந்த போன்ல ஒரு நாள் அவன் வம்சத்தையே இழுத்துத் திட்டிட்டேனே!

— கேட்டேன். மூணு மாசத்துல அன்னிக்குத்தான் முதல் தடவையா சிரிச்சேன்.

— அப்புறம் ஏதும் தங்கலையாப்பா?

— இல்ல அக்கா. அஞ்சு வருஷம் பார்த்தோம். கடைசியில டாக்டர், குறை இப்ப என்கிட்டதான்னு சொல்லிட்டாரு. கிட்டல் ஒரு வார்த்தை குத்திப் பேசல. அவங்க வீட்லதான் பிள்ளை இல்லாத வருஷத்தை எண்ண ஆரம்பிச்சாங்க.

— டாக்டருக்கு என்ன தெரியும்! இப்ப பாரு, கடவுள் கண்ணைத் திறந்துட்டாரு.

— கிட்டலுக்குத் திறந்துட்டாரு. ஆமா.

— இரு தம்பி, அந்த நீலத்தையே மேல கொண்டு வர்றேன். அவ ஆசைப்பட்டது. சக்கரத்துல ஒரு பொட்டு மண் கிடையாது…

— ஜெலிக், அந்தக் கார் சீட் செத்து ரெண்டு வருஷம் ஆச்சு. அடியில தேதி போட்டிருக்கு. ஆறு வருஷத்துக்கு மேல அதுல குழந்தையை வெக்கக்கூடாது, விக்கவும் கூடாது.

— ஒருத்தரும் உக்காராமலே கிழவியாயிடுச்சா அது?

— அந்த நீலம் வேண்டாம் அண்ணே. அது அந்தக் குழந்தைக்கு வாங்கினது, அதுக்கே இருக்கட்டும். இந்தப் பிள்ளைக்குப் புதுசு. பச்சை.

— சரி. ஆனா பணம் வாங்க மாட்டேன். நீலத்துக்குக் கட்டினது நிக்குது, அதுல கழிஞ்சுபோச்சு. ப்ளீமா, நான் சொன்னது சரிதானே?

— வாழ்க்கையில ரெண்டாவது தடவையா சரியாச் சொல்லியிருக்கீங்க.

— மழை உறையும் இலவசம். ஆனா இந்தத் தடவை போன் பண்ணணும் தம்பி. மூச்சு மட்டும் விட்டா ஒத்துக்க மாட்டேன். பையனா பொண்ணான்னு கேப்பேன், வாயைத் திறந்து சொல்லணும். எட்டு வருஷமா அந்தப் பதிலுக்குக் காத்திருக்கோம் நாங்க. சொல்லு, வண்டி எந்த விலாசத்துக்கு?

— விலாசம் உங்ககிட்டயே இருக்கு.

— பழசா? நீ மூணாவது மாடின்னியே. அப்ப நீங்க இருந்தது தரைத்தளம், ப்ளீமா அட்டையில எழுதியிருப்பா.

— நான் இன்னும் தரைத்தளத்துலதான் இருக்கேன்.

— புரியல தம்பி.

— புது அட்டை எழுத வேண்டாம் அண்ணே. அந்தச் சாம்பல் வண்டியில தொங்குற அட்டையை அவிழ்த்துப் பச்சையில கட்டிடுங்க. ஹெர்ஷ் க்ரௌஸ்னு போட்டிருக்கும்.

— அந்த வாத்தியாரா? அவருக்கு எதுக்கு?

— ஆஸ்பத்திரியில இருந்து அவரு போன் பண்ணும்போது, சாம்பல் ஸ்டாக் தீர்ந்துபோச்சு, கடைத் தப்பு, அதே விலைக்கு இதை எடுத்துக்கோங்கன்னு சொல்லிடுங்க. என் பேர் வரவே கூடாது. அவளுக்கும் தெரியக்கூடாது.

— இருடா. கிட்டலுக்குன்னு பிரேக்கையும் எடையையும் பார்த்துப் பார்த்து எடுத்த வண்டியை, எவனோ வாத்தியாருக்கு எதுக்குடா குடுக்கணும்?

— கிட்டல் இப்ப அவரு பொண்டாட்டி, அண்ணே. கைப்பிடியை மட்டும் நாலாவது பள்ளத்துல வெச்சே அனுப்புங்க. அது அவருக்கு இன்னும் தெரிஞ்சிருக்காது.