அடுப்பு மேடை அரை சாண் கம்மி

கணவர்: கூரை ஓடு ஏத்தி வந்த லாரி வழியில கவுந்தது இதோட எத்தனாவது தடவை மேஸ்திரி?

மேஸ்திரி: கவுழலைங்க சார். சாஞ்சுது.

மனைவி: போன தடவை கவுந்துதுன்னீங்களே.

மேஸ்திரி: அது மணல் லாரிங்கம்மா. இது ஓட்டு லாரி.

கணவர்: நான் ரிட்டயர் ஆன மாசம் அஸ்திவாரம் போட்டது. மூணு வருஷம் ஆச்சு. என்கூட ரிட்டயர் ஆனவன் கிராமத்துல வீடு கட்டி, குடி போய், சலிச்சுப்போய் அதை வித்துட்டுத் திரும்பியும் வந்துட்டான். நமக்கு இன்னும் பாதிக் கூரை.

மனைவி: பாதின்னு சொல்லாதீங்க, மேஸ்திரி மனசு கஷ்டப்படும். முக்கால்.

மேஸ்திரி: ட்ராபிக்கல் ஸ்டைலுன்னா நாளாகும்ங்கம்மா. சாதா வீடுன்னா நாலு சுவரு, மேல தளம், முடிஞ்சுது. இது நாலு பக்கமும் இறங்கற ஓட்டுக் கூரை, சுத்தி வராண்டா, நடுவுல மழை விழற முற்றம், ஜன்னலுக்குக் கண்ணாடி கூடாது, பலகை பலகையா மரம் அடிக்கணும்...

மனைவி: காத்து வரணுமே. முப்பத்தஞ்சு வருஷம் ஊருக்கெல்லாம் ஏசி மாட்டினவர், தன் வீட்டுக்கு மட்டும் காத்தை ஓசியில வரவழைக்கிறார்.

கணவர்: ஏசிக்குள்ளயே கிடந்தவனுக்குத்தான்மா காத்தோட அருமை தெரியும்.

மனைவி: எல்லாம் பத்திரிகையில வந்த ஒரு படத்தைப் பாத்துட்டுதான் மேஸ்திரி. வராண்டா, பிரம்பு நாற்காலி, பக்கத்துல வாழை. அந்த நாற்காலில உக்காந்திருந்தவரைக் கொசு கடிச்சுதான்னு மட்டும் அதுல போடலை.

கணவர்: பாத்தீங்களா, எவ்வளவு ஆசையாப் பேசறா. இவளுக்காகத்தான் கட்டறதே.

மனைவி: நானும் இவருக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன்.

கணவர்: அதனால இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும். "உங்க மேஸ்திரி வீடு கட்டறாரா, தவம் பண்றாரா"ன்னு பையன் கத்தறான். வேற கான்ட்ராக்டரைப் பேசி வெச்சுட்டான். இன்னிக்கு நான் சரின்னு சொன்னா திங்கட்கிழமை இருபது ஆளோட இறங்கிடுவாராம். நாப்பது நாள்ல சாவி கையிலயாம்.

மேஸ்திரி: இருபது ஆளா... எங்க சார் தங்குவாங்க?

கணவர்: இங்கயேதான். இந்த வீட்டுக்குள்ளயே.

மேஸ்திரி: இங்கயா...

மனைவி: நாப்பதே நாள்லயா...

கணவர்: நாப்பதே நாள்.

மனைவி: ...ரொம்ப சந்தோஷம். நான் போய் சமையலறையைப் பாத்துட்டு வரேன்.

கணவர்: மெதுவாப் பாரு. ...போயிட்டாளா?

மேஸ்திரி: போயிட்டாங்க சார்.

கணவர்: என்ன மேஸ்திரி நீங்க, அதே லாரி கதையையே சொல்றீங்க? மரம் காயலைன்னு சொல்லுங்கன்னு போன வாரமே போன்ல படிச்சுப் படிச்சு சொன்னேனே.

மேஸ்திரி: மரம் ரெண்டு வருஷமாக் காயுது சார். இன்னும் காஞ்சா விறகுக்குத்தான் ஆகும்.

கணவர்: எனக்கு இங்க வந்தாலே கை கால் ஓடலை. அங்க டவுன்ல சாயங்காலம் ஆனா சீட்டாட மூணு பேர் எனக்காகக் காத்திருப்பாங்க. இங்க தவளை கத்தறதைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கணும். ஆனா அவ ஆயுசுல என்கிட்ட வாய்விட்டுக் கேட்டது இந்த ஒரு வீடுதான். அதை வேணாம்னு எந்த வாயால சொல்றது?

மேஸ்திரி: அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாத்தா...

கணவர்: மூச்சு விடக்கூடாது. வரா.

மனைவி: மேஸ்திரி, அடுப்பு மேடை ஏன் அரை சாண் கம்மியா இருக்கு? என் உயரத்துக்கு நான் குனிஞ்சு சமைச்சா இடுப்பு போயிடுமே.

மேஸ்திரி: அது... அளவு கொஞ்சம் தப்பிடுச்சுங்கம்மா.

மனைவி: மேடைக்குப் பின்னால சுவரெல்லாம் எண்ணெய்க் கறை.

மேஸ்திரி: ஆளுங்க டீ போடுவாங்க.

மனைவி: டீக்கு எண்ணெய் ஊத்தறாங்களா?

கணவர்: விடும்மா, வேலை செய்யறவங்க. அந்த முற்றத்தைப் பாரு, மிளகாய்ச் செடி எப்படிக் காய்ச்சுத் தொங்குது. இயற்கையோட சேர்ந்து வாழறதுன்னா இதுதான்.

மனைவி: தானா முளைச்ச செடிக்குக் குச்சி நட்டுக் கயிறு கட்டினது யாரு? அதுவும் இயற்கையா?

மேஸ்திரி: சார், பின்னால கிணத்து மோட்டாரைப் பாக்கணும்னீங்களே...

கணவர்: ஆமா. இதோ வந்துடறேன்.

மனைவி: ...போயிட்டாரா?

மேஸ்திரி: போயிட்டாரும்மா. நீங்களும் சொல்லுங்க.

மனைவி: நானுமா? வேற யார் சொன்னா?

மேஸ்திரி: யாருமில்லைங்கம்மா. பேச்சு வாக்குல வந்துடுச்சு.

மனைவி: நாப்பது நாளாமே. நீங்க என்னடான்னா நட்ட கல்லு மாதிரி நிக்கறீங்க. ஏதாவது பண்ணக்கூடாதா?

மேஸ்திரி: நீங்க போன்ல சொன்னபடி வராண்டாத் தூணை மூணு தடவை இடிச்சு இடிச்சுக் கட்டிட்டேன். கொத்தனார் என்னை ஒரு மாதிரி பாக்கறான்மா.

மனைவி: நான் மட்டும் என்ன பண்ணுவேன்? பதினாறு பேர் என்கிட்ட தையல் கத்துக்கறாங்க. இத்தனை வருஷம் இந்தக் குடும்பத்துக்கு ஆக்கிப் போட்டே ஓஞ்சவளை இப்பத்தான் நாலு பேர் டீச்சர்னு கூப்பிடறாங்க. அதை விட்டுட்டு இங்க வந்து வாழைமரத்துக்கா ஜாக்கெட் தைக்கறது?

மேஸ்திரி: இதை சார்கிட்டயே...

மனைவி: எப்படிச் சொல்றது? இந்த வீட்டைப் பத்திப் பேசினாத்தான் அவர் முகத்துல வெளிச்சமே வருது.

மேஸ்திரி: சாருக்கு அப்படி ஒண்ணும்...

மனைவி: அவரைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? சும்மா இருங்க, வரார்.

கணவர்: மோட்டார் நல்லா ஓடுது மேஸ்திரி. தினம் ஓடற மோட்டார் மாதிரி ஓடுது.

மேஸ்திரி: சுவருக்குத் தண்ணி காட்டணுமே சார்.

கணவர்: சுவர் எழும்பி ரெண்டு வருஷம் ஆச்சே, இன்னுமா தாகம் தீரலை? கொடியில புடவை வேற காயுது.

மேஸ்திரி: சித்தாளோடதுங்க.

கணவர்: சரி, அது எப்படியோ போகட்டும். பையனுக்குப் போன் போட்டுடட்டுமா?

மனைவி: போடுங்களேன். நானா கையைப் பிடிச்சேன்?

கணவர்: நீ சொன்னாப் போடறேன்.

மனைவி: உங்க வீடு, நீங்க போடுங்க.

கணவர்: என் வீடா? உன் வீடும்மா.

மேஸ்திரி: சார், அம்மா, நான் ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கறேன்...

கணவர்: நீங்க சும்மா இருங்க.

மனைவி: வாயைத் திறக்காதீங்க.

கணவர்: மணி அடிக்குது... ஆங், அப்பாதான். அந்தக் கான்ட்ராக்டர் விஷயமா... திங்கட்கிழமை...

மனைவி: வைங்க போனை.

கணவர்: ஏம்மா?

மனைவி: வைங்கன்னேன். ...எனக்கு இங்க வர இஷ்டம் இல்லை.

கணவர்: ...அப்புறமா கூப்பிடறேன்டா. ...என்ன சொன்னே?

மனைவி: இஷ்டம் இல்லை. இன்னிக்குன்னு இல்லை, அஸ்திவாரம் தோண்டின அன்னிக்கே இல்லை. உங்க ஆசையைக் கெடுக்க வேணாம்னு வாயை மூடிக்கிட்டிருந்தேன்.

கணவர்: என் ஆசையா? கேட்டதே நீதானே.

மனைவி: நானா? எப்ப?

கணவர்: கல்யாணமான புதுசுல. அந்த ஒத்தை ரூம்ல மழை ஒழுகி, ஆறு இடத்துல பாத்திரம் வெச்சுட்டு உக்காந்திருந்தோம். "மழை எப்படியும் வீட்டுக்குள்ளதான் விழும்னா, அதுக்குன்னு நடுவுல ஒரு இடம் விட்டுக் கட்டிக் குடுங்களேன்"னு கேட்டே. அன்னிக்கே மனசுல முடிச்சுப் போட்டு வெச்சேன்.

மனைவி: அட கடவுளே... அது குத்தல்ங்க.

கணவர்: குத்தலா?

மனைவி: முப்பத்தெட்டு வருஷமாக் கூட இருக்கீங்க. நான் எதை நேராச் சொல்லியிருக்கேன்?

கணவர்: நீ சொன்னதுல எனக்கு உடனே புரிஞ்சதுன்னு நான் நினைச்சது அது ஒண்ணுதான்மா.

மனைவி: ...அதுக்காகவா இவ்வளவும்?

கணவர்: அதுக்காகத்தான். எனக்கும் இங்க வர இஷ்டமில்லை. தவளைன்னாலே பயம்.

மனைவி: தவளைக்குப் பயந்தவரா முற்றம் வெச்சு மழையைக் கூப்பிட்டீங்க... போதும், அழ வெச்சுடாதீங்க. மேஸ்திரி பாக்கறார்.

கணவர்: அவர் மூணு வருஷமாப் பாத்துக்கிட்டுத்தானே இருக்கார். ஏன் மேஸ்திரி, உங்களுக்கு ரெண்டு பக்கமும் தெரியும், இல்லையா?

மேஸ்திரி: ரெண்டு பேருமே யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னீங்க. நானும் சொல்லலை. வாக்குன்னு ஒண்ணு இருக்கே சார்.

மனைவி: நேர்மை அப்படியே வழியுது. வராண்டாவுல நின்னா வழுக்கிடும்.

கணவர்: ஆக, இந்த வீடு முடியணும்னு நெஜமா நினைச்ச ஆளு ஒருத்தர்கூட இல்லை.

மேஸ்திரி: அப்படி மொத்தமாச் சொல்லிட முடியாது சார்... ஒரு ஆளு இருக்கு. "எப்பய்யா முடிப்பே, எப்பய்யா முடிப்பே"ன்னு தினம் என் உசுரை எடுக்குது.

மனைவி: அது யாரு, எங்களுக்குத் தெரியாம?

மேஸ்திரி: என் சம்சாரம்ங்கம்மா. மழை வந்தா இங்க படுக்கற ரூம்ல ஒழுகுது, ரெண்டு வருஷமாப் பாத்திரம் வெச்சு வெச்சு அதுவும் ஓஞ்சு போச்சு... ஆனா அடுப்பு மேடை மட்டும் அது உயரத்துக்கு அளவெடுத்த மாதிரி இருக்காம்.